ஆன்ஃபீல்ட் பழைய கோப்: நின்னு பாத்தவங்க யாராவது இருந்தா எழுதுங்க

கோப்_காதலன் (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்த விஷயம். நான் பொறந்தது 96ல, அதனால லிவர்பூல் கிளப்போட ஆன்ஃபீல்ட் மைதானத்துல, கோல் போஸ்ட் பின்னாடி இருக்கிற கோப் மேட்டுல ஜனங்க நின்னு பாத்த காலம் எனக்கு வீடியோ மட்டும்தான். 1964ல பிபிசி பனோரமா எடுத்த அந்த பிளாக் அண்ட் ஒயிட் வீடியோவ எத்தனை தடவை பாத்தாலும் சலிக்கல. பாதி பேர் டை கட்டி கோட் போட்டிருக்காங்க, அவ்வளவு பேரும் பீட்டில்ஸ் பாட்ட ஒரே குரல்ல பாடிக்கிட்டு ஒரே பக்கமா சாயறாங்க, மைக் இல்ல, டிரம் இல்ல, முன்னாடி நின்னு கை காட்டி ஆரம்பிச்சு வெக்கிற ஆளும் இல்ல. எப்படி இது நடந்துச்சு? 1906ல கட்டினாங்க, 1928ல கூரை போட்டாங்க, கிட்டத்தட்ட 28,000 பேர் ஒரே மேட்டுல நிப்பாங்கன்னு படிச்சிருக்கேன். ஆனா படிச்சு என்ன பண்றது, உள்ள நின்னவங்க சொன்னாதானே தெரியும். இங்க நிறைய பேர் யூகேல இருக்கீங்க, சீனியர்ஸ் யாராவது நின்னிருந்தா ப்ளீஸ் எழுதுங்க. நீளமா எழுதினாலும் பரவால்ல, நான் முழுசா படிப்பேன்.

மெர்சி_டாக்டர் (லிவர்பூல்)

தம்பி, நான் நின்னிருக்கேன். மதுரைல மெடிக்கல் முடிச்சிட்டு 1975ல இங்க வந்தேன், வந்த புதுசுல கால்பந்து எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஹாக்கியும் கிரிக்கெட்டும்தான். எங்க வார்டுல போர்ட்டரா இருந்த ஒரு பெரியவர் "டாக்டர் சனிக்கிழமை டியூட்டி இல்லன்னா என்கூட வாங்க"ன்னு கூட்டிட்டு போனார். டிக்கெட்லாம் முன்னாடியே வாங்க வேண்டாம், சில்லறைய கைல வெச்சுக்கிட்டு வரிசைல நின்னா டர்ன்ஸ்டைல்ல (சுத்துற இரும்பு கதவு) குடுத்துட்டு உள்ள போகலாம். அந்த டர்ன்ஸ்டைல் சந்து எவ்வளவு ஒடுக்கம்னா நாம உடம்ப ஒருக்களிச்சுதான் நுழையணும். உள்ள போனதும் பின்பக்கம் படி, ஏறிக்கிட்டே இருக்கணும், மேல போய் நின்னா திடீர்னு கீழ பச்சையா மைதானம் விரியும். ராத்திரி மேட்ச்னா ஃப்ளட்லைட் வெளிச்சத்துல அந்த பச்சை கண்ண பறிக்கும்.

அப்புறம் எங்க நிக்கணும்ங்கிறது ஒரு பெரிய பாடம். டெரஸ் (நின்னு பாக்குற படிமேடு) முழுக்க இடுப்பளவுக்கு மேல இரும்பு பேரியர் போட்டிருப்பாங்க, கூட்டம் மொத்தமா சரியாம தாங்குறதுக்கு. புதுசா வர்றவன் என்ன பண்ணுவான், பேரியர் மேல கை வெச்சு சாஞ்சா சௌகரியம்னு அதுக்கு பின்னாடி போய் நிப்பான். கோல் விழுந்ததும் மேலேர்ந்து வர்ற மொத்த பாரமும் அவன் முதுகுல இறங்கும், வயிறு அந்த கம்பில அழுந்தி மூச்சு நின்னுரும். பழகினவன் பேரியருக்கு முன்னாடி, அதுல முதுக குடுத்து நிப்பான், பின்னாடி வர்ற தள்ளு கம்பியோட நின்னுரும். போர்ட்டர் ஐயா என் தோள புடிச்சு திருப்பி நிக்க வெச்சார். அந்த கம்பி இன்னும் கைல இருக்கிற மாதிரி ஞாபகம் இருக்கு, பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு அங்கங்க உரிஞ்சு அடில துரு தெரியும், ஜனவரில வெறும் கைய வெச்சா குளிர் எலும்பு வரைக்கும் போகும், ஆனா ஆயிரக்கணக்கான கை தேச்ச இடம் மட்டும் வழவழன்னு இருக்கும்.

தள்ளு வந்தா பத்து பதினஞ்சு படி கீழ போயிருவோம், கால் தரைல படவே படாது. அப்புறம் அலை திரும்புற மாதிரி எல்லாரும் மேல ஏறுவாங்க, பழைய இடத்துக்கே வந்துருவோம், பக்கத்துல நின்னவனே திரும்பவும் பக்கத்துல இருப்பான். யாராவது மயங்கி விழுந்தா தலைக்கு மேலயே கை மாத்தி கை மாத்தி கீழ இறக்கிருவாங்க, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் ஆளுங்க கீழ வாங்கிப்பாங்க. டாக்டரா எனக்கு அது பயமாவும் இருந்துச்சு, பிரமிப்பாவும் இருந்துச்சு.

1977 மார்ச் 16, செயின்ட் எட்டியென் மேட்ச், அதுக்கு நான் போயிருந்தேன். ஐரோப்பியன் கப் கால் இறுதி, ஃபிரான்ஸ்ல 1-0 தோத்துட்டு வந்திருந்தோம். மதியத்துலேர்ந்தே வரிசை, ஆட்டம் தொடங்க ரொம்ப நேரம் முன்னாடியே கேட்ட மூடிட்டாங்க, 55,043 பேர். கீகன் ரெண்டாவது நிமிஷத்துலயே போட்டார். பாத்தனே ரொம்ப தூரத்துலேர்ந்து அடிச்சு சமம் பண்ணினதும் நமக்கு இன்னும் ரெண்டு வேணும்ங்கிற நிலைமை. ரே கென்னடி ஒண்ணு போட்டார். 84வது நிமிஷம், சப்ஸ்டிடியூட்டா வந்த ஃபேர்க்ளஃப் பந்த வாங்கி ஓடறான், எங்க பக்கம் கோலுக்குத்தான் ஓடி வர்றான், அப்ப அந்த மேடு மொத்தமும் ஒரு செகண்ட் மூச்ச இழுத்துச்சு பாருங்க, அந்த சத்தத்த நான் வேற எங்கயும் கேட்டதில்ல. அடுத்தது நான் எங்க இருந்தேன்னு எனக்கே தெரியாது, கண்ண தொறந்து பாத்தா முன்னபின்ன தெரியாத ஒரு மனுஷன் என் முகத்த புடிச்சுக்கிட்டு அழறார்.

கோப்_காதலன்

டாக்டர் சார் கண்ணு கலங்கிடுச்சு. பேரியர் விஷயம் சத்தியமா எங்கயும் படிச்சதில்ல. இன்னும் எழுதுங்க சார்.

நல்லூரான் (லண்டன்)

டொக்டர் ஐயா எழுதினது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நான் 84இல வந்தனான். 83 கலவரத்துக்குப் பிறகு வந்த பொடியள் கனபேர் லண்டனிலதான் நிண்டவை, எனக்கு லிவர்பூல் பொலிரெக்னிக்கில இடம் கிடைச்சுது. ஊரில என்ன நடக்குது எண்டு தெரியாமல், கடிதம் வருமோ வராதோ எண்டு காவலிருந்த காலம். அறையில இருந்தால் விசர் பிடிக்கும் எண்டு ஒரு சனிக்கிழமை தனியப் போய் கோப்பில நிண்டன். நல்லூர்த் தேருக்கு வடம் பிடிக்கிற சனத்துக்குள்ள அகப்பட்டால் கால் நிலத்தில படாதெல்லோ, அப்படித்தான் இருந்தது. கனநாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கினது.

ஆனால் ஒண்டு சொல்ல வேணும், எல்லாம் தங்கம் எண்டு எழுதேலாது. எங்கட நிறத்துக்கு அங்க நிண்ட ஆக்கள் மிகக் குறைவு. எதிரணியில கறுப்பின ஆட்டக்காரர் பந்தைத் தொட்டால் சிலர் குரங்குச் சத்தம் போடுவினம், அந்தக் காலத்தில இங்கிலாந்தில கன மைதானத்தில அது நடந்தது, கோப்பிலயும் நான் கேட்டிருக்கிறன். ஒருக்கா பின்னுக்கு நிண்ட ஒருத்தன் என்னைப் பார்த்து ஒரு சொல்லுச் சொன்னான். பக்கத்தில நிண்ட துறைமுகத் தொழிலாளி ஒருத்தர், பேர்கூடக் கேக்கேல்லை, திரும்பி அவனைப் பார்த்த பார்வையில அவன் அடங்கிப்போனான். பிறகு எனக்கு ஒரு மிட்டாய் எடுத்துத் தந்தார். அந்த ரெண்டு ஆளும் அந்த ஒரே மேட்டிலதான் நிண்டவை. ரெண்டையும் சேர்த்துத்தான் நான் நினைக்கிறனான். 87இல கறுப்பின ஆட்டக்காரர் ஜோன் பார்ன்ஸ் லிவர்பூலுக்கு வந்து ஆடத் தொடங்கின பிறகு மாறினது எண்டு சொல்லுவினம், ஓம் மாறினதுதான், ஆனால் ஒரு மனுசன் அவ்வளவு திறமாய் ஆடிக் காட்டித்தான் மரியாதை வாங்க வேண்டியிருந்தது எண்டது எனக்கு இண்டைக்கும் நெஞ்சில குத்துது.

கிள்ளான்_நீலம் (மலேசியா)

நான் எவர்டன் ரசிகன், அதே ஊரோட இன்னொரு கிளப். 85லேருந்து 89 வரைக்கும் லிவர்பூல்ல சட்டம் படிச்சேன், அந்த நேரத்துல நாங்கதான் சாம்பியன், 85லயும் 87லயும் லீக் எங்களுக்கு. எங்க மைதானம் குடிசன் பார்க்ல கிளாடிஸ் ஸ்ட்ரீட் என்ட்ல நிப்பேன். உங்க கோப் பெருமைய படிக்க நல்லாதான் இருக்கு, ஆனா ஆன்ஃபீல்ட் முதல்ல எங்களோடது, 1884லேருந்து 1892 வரைக்கும் எவர்டன்தான் அங்க ஆடுச்சு, வாடகை தகராறுல நாங்க வெளிய வந்தப்புறம்தான் உங்க கிளப்பே பிறந்துச்சு, அத யாரும் மறந்துடக்கூடாது.

நல்லூரான் சொன்ன விஷயத்துல எங்க பக்கமும் சுத்தம் கிடையாது. 88ல குடிசன்ல பார்ன்ஸ் மேல வாழைப்பழம் எறிஞ்சாங்க, அவர் குதிகாலால தட்டி விட்ட படம் உலகம் பூரா தெரியும். எங்க கிளப்ல நடந்தது, எனக்கு அது பெரிய வெக்கம்.

ஆனா 89 ஏப்ரல் பத்தியும் சொல்லணும். ஷெஃபீல்ட் ஹில்ஸ்பரோ மைதானத்துல நெரிசல்ல லிவர்பூல் ரசிகர்கள் செத்தாங்களே, அதுக்கு அடுத்த சனிக்கிழமை, 22ந்தேதி, குடிசன்லேருந்து ஆன்ஃபீல்ட் வரைக்கும் ஸ்டான்லி பார்க் குறுக்கால ஸ்கார்ஃப ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு கட்டினாங்க, நீலமும் சிவப்பும் மாறி மாறி. நானும் என் ஸ்கார்ஃப குடுத்தேன். 3 மணி 6 நிமிஷத்துக்கு, அந்த மேட்ச நிறுத்தின நேரம், ஊரே நின்னுச்சு. அந்த ஸ்கார்ஃப நான் திருப்பி கேக்கல.

மெர்சி_டாக்டர்

நீலம் சார், நன்றி. அந்த வாரம் நானும் வரிசைல நின்னு உள்ள போனேன். கோல் போஸ்ட்லேர்ந்து நடு மைதானம் வரைக்கும் பூ. மேல டெரஸ்ல ஒவ்வொரு பேரியர்லயும் ஸ்கார்ஃப் கட்டியிருந்தாங்க, பள்ளிக்கூட டை, சின்ன பொம்மை, கைப்பட எழுதின கடிதம். செத்தவங்க எங்க நிப்பாங்கன்னு தெரிஞ்சவங்க சரியா அந்த கம்பிலயே கொண்டு வந்து கட்டினாங்க. 97 பேர், கடைசி ஆள் 2021ல தான் போனார், அந்த காயத்தோடயே அத்தனை வருஷம். குடிச்சிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம்னு போலீஸ் சொன்னது பொய்னு நிரூபிக்க குடும்பங்களுக்கு 2016 வரைக்கும் ஆச்சு. ஜூரி தெளிவா சொன்னாங்க, சட்டவிரோதமா கொல்லப்பட்டாங்க, ரசிகர்கள் மேல தப்பு இல்லன்னு. ரசிகர்கள் மேல அந்த பொய்ய போட்ட சன் பேப்பர இன்னைக்கும் இந்த ஊர்ல பல கடைல விக்க மாட்டாங்க.

ஸ்டேடியம்_சிவா (பெங்களூரு)

நான் சிவில் இன்ஜினியர், ஸ்டேடியம் டிசைன்லதான் வேலை. எல்லாரும் உருகி எழுதுறீங்க, மதிக்கிறேன், ஆனா இந்த மாதிரி இழைங்க படிக்கிற சின்ன பசங்க பழைய டெரஸ் சொர்க்கம்னு நெனச்சுக்குவாங்க. போல்டன் பர்ன்டன் பார்க் மைதானத்துல 1946ல 33 பேர் செத்தாங்க. கிளாஸ்கோ ஐப்ராக்ஸ்ல 1971 ஜனவரி 2ல 66 பேர், ஆட்டம் முடிஞ்சு படிக்கட்டுல இறங்கும்போது. அதுக்கப்புறம்தான் 1975ல பாதுகாப்பு சட்டமே வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் விசாரணை, ஒவ்வொரு தடவையும் அறிக்கை, கிளப்புங்க காசு செலவு பண்ண மாட்டாங்க. டாக்டர் சார் சொன்ன பத்து பதினஞ்சு படி தள்ளு இருக்கே, ஒரு இன்ஜினியரா அத படிக்கும்போது எனக்கு வயித்த கலக்குது. பேரியர் ஒண்ணு உடைஞ்சா அவ்வளவுதான். ஹில்ஸ்பரோல பென் 3ங்கிற வேலி போட்ட கூண்டுல உடைஞ்சது அதுதான். உட்கார வெச்சது சரியான முடிவுன்னுதான் நான் சொல்வேன், அதுக்கப்புறம் இங்கிலாந்துல அந்த மாதிரி சாவு இல்ல.

தென்றல்72 (கோவை)

சிவா சொல்றதுல இன்னொண்ணு சேர்த்துக்குங்க. டாய்லெட். கோப்ல இருந்தது கொஞ்சம்தான், கூட்டத்துக்குள்ள மாட்டினா அங்க போகவும் முடியாது, ஆம்பளைங்க பேப்பர சுருட்டி நின்ன இடத்துலயே போவாங்கன்னு அந்த ஊர்க்காரங்களே எழுதியிருக்காங்க. அப்ப பொம்பளைங்க நிலைமை என்ன? வந்தவங்க இருந்தாங்க, பாடினாங்க, ஆனா எத்தனை பேரு வர முடியாமலே இருந்திருப்பாங்க. வீல்சேர்ல வர்றவங்க பத்தி பேசவே வேண்டாம். சின்ன பசங்களுக்குன்னு மூலைல ஒரு பாய்ஸ் பென் இருந்துச்சு, கம்பி போட்ட கூண்டு, அங்கேர்ந்து ஏறி குதிச்சு பெரியவங்க பக்கம் போறதுதான் அந்த பசங்களுக்கு வீரம். பழச நேசிக்கிறப்ப யார் அங்க நிக்க முடிஞ்சுது, யாரால முடியலைங்கிறதையும் பேசணும்.

சரி, நான் வந்தது வேற ஒரு விஷயம் சொல்ல. கோப்னு பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருமே எழுதலையே. அது தென்னாப்பிரிக்கால நட்டால்ல இருக்கிற ஸ்பியன் கோப் மலை. 1900 ஜனவரில போயர் போர்ல அந்த மலை உச்சில பிரிட்டிஷ் படை மாட்டிக்கிச்சு, லங்காஷயர் ரெஜிமெண்ட் பசங்க, லிவர்பூல் பக்கத்து பசங்க ஏகப்பட்ட பேர் செத்தாங்க. 1906ல ஆன்ஃபீல்ட்ல அந்த செங்குத்து மேட்ட எழுப்பினப்ப லிவர்பூல் பத்திரிகைல விளையாட்டு ஆசிரியரா இருந்த எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் அத ஸ்பியன் கோப்னு எழுதினார், அப்படியே நின்னுடுச்சு. அதுக்கு முன்னாடியே பிளம்ஸ்டெட்ல ஆர்சனல் மைதானத்து மேட்டுக்கும் இந்த பேர வெச்சிருந்தாங்க.

இப்ப நமக்கு வேண்டிய விஷயம். அந்த மலைலேர்ந்து அடிபட்டவங்கள ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்தவங்கள்ல காந்தி நடத்தின இந்திய ஆம்புலன்ஸ் படை இருந்துச்சு. சுமார் 1,100 பேர். அதுல 800 பேருக்கு கிட்ட ஒப்பந்தக் கூலிங்க, கரும்புத் தோட்டத்துலயும் சுரங்கத்துலயும் வேலை பாத்தவங்க. நட்டாலுக்கு 1860லேர்ந்து ஒப்பந்தக் கூலிங்க பாதிக்கு மேல மெட்ராஸ் துறைமுகத்துலேர்ந்துதான் கப்பல் ஏறினாங்க, நம்ம ஆற்காடு, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஜனங்க, தெலுங்கு ஜனங்க. ஒரு நாளைக்கு இருபது இருபத்தஞ்சு மைல் ஸ்ட்ரெச்சர தோள்ல தூக்கி நடந்ததா காந்தியே எழுதியிருக்கார். மெடல் கிடைச்சது தலைவர்களுக்கு மட்டும். தூக்கின ஆளுங்க பேரு பெரும்பாலும் எங்கயும் இல்ல. லிவர்பூல் தன் பசங்க ஞாபகமா ஒரு மேட்டுக்கு பேர் வெச்சுது, நல்ல விஷயம். அந்த பசங்கள சுமந்தவங்கள்ல நம்ம ஆளுங்களும் இருந்தாங்கன்னு ஆன்ஃபீல்ட் போற தமிழங்களாவது தெரிஞ்சுக்கணும்.

கோப்_காதலன்

அக்கா!!! இது எனக்கு சுத்தமா தெரியாது. காந்தி அங்க இருந்தார்னு மட்டும் எங்கயோ படிச்சேன், தமிழ் ஜனங்க தூக்கினாங்கன்னு யாருமே சொன்னதில்ல. இந்த பதிவ நான் எங்க ரசிகர் குரூப்ல போடலாமா?

தென்றல்72

தாராளமா போடு. காந்தி சத்தியாகிரகத்த பத்தி எழுதின தென்னாப்பிரிக்கா புத்தகத்துலயும் சுயசரிதைலயும் இது இருக்கு, அத படிச்சுட்டு உன் வார்த்தைல எழுது.

நல்லூரான்

தங்கச்சி, நன்றி. கனகாலம் அந்த மேட்டில நிண்டிருக்கிறன், இண்டைக்குத்தான் இது தெரியும். கப்பலில போன எங்கட சனம் எண்டால் மனம் எங்கையோ போகுது.

மெர்சி_டாக்டர்

சிவா தம்பிக்கு பதில் சொல்லணும். நீங்க சொல்ற சாவு எண்ணிக்கைல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. நெஞ்சு அழுந்தி மூச்சு நிக்கிறதுன்னா என்னன்னு எனக்கு தொழில்லயே தெரியும். ஆனா காரணத்த சரியா சொல்லணும். ஹில்ஸ்பரோல லெப்பிங்ஸ் லேன் பக்கம் 1981லயே நெரிசல் ஆகி 38 பேருக்கு அடிபட்டுச்சு. அதுக்கப்புறம் டெரஸ குறுக்க வேலி போட்டு கூண்டு கூண்டா பிரிச்சாங்க, ஆனா 1979ல குடுத்த பாதுகாப்பு சான்றிதழ மாத்தவே இல்ல. 89ல வெளிய நெரிசல் ஆனதும் பெரிய கேட்ட தொறந்து விட்டாங்க, நேரா நடு கூண்டுக்கு போற சுரங்க வழிய மூடல, பக்கத்து கூண்டுல இடம் காலியா கிடந்துச்சு. முன்னாடி வேலி, ஏறி தப்பிக்க வந்தவங்கள கலாட்டா பண்ண வர்றாங்கன்னு நெனச்சு திருப்பி தள்ளினாங்க. ரசிகன்னா ரவுடிங்கிற எண்ணம்தான் அங்க வேலை செஞ்சுது. ஹில்ஸ்பரோவ விசாரிச்ச டெய்லர் நீதிபதியே 1990 அறிக்கைல நிக்கிறது இயல்பாவே ஆபத்துன்னு சொல்லல, இருந்தாலும் எல்லாருக்கும் சீட் போடறதுதான் நல்லதுன்னு பரிந்துரை பண்ணினார்.

அதே அறிக்கைல இன்னொண்ணும் இருக்கு, அத எல்லாரும் சௌகரியமா மறந்துட்டாங்க. ஐப்ராக்ஸ்ல சீட் 6 பவுண்டு, நிக்கிறது 4 பவுண்டு, அந்த மாதிரி ஏழைங்களுக்கு கட்டுப்படியாகுற விலைய வெக்கலாம்னு எழுதினார். நடந்தது என்ன? சீட் மட்டும் வந்துச்சு, விலை எங்கயோ போயிருச்சு. என்ன கூட்டிட்டு போன போர்ட்டர் ஐயா மாதிரி ஆளுங்க, அவங்க பசங்க, வெளிய போயிட்டாங்க. எனக்கு உண்மையான கோபம் அதுல தான்.

ஸ்டேடியம்_சிவா

சார், விலை விஷயத்துல நூறு சதவீதம் உங்க பக்கம். வேலி விஷயத்துலயும். அந்த சான்றிதழ் விவகாரம் எங்க துறைல பாடமாவே சொல்லித் தரணும். நான் சொல்ல வந்தது என்னன்னா நிக்கிறதும் பழைய டெரஸும் ஒண்ணு இல்ல. இப்ப ரெயில் சீட்னு வருது, ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்புயரத்துல கம்பி, ஆளுக்கு ஒரு இடம், பின்னாடி இருக்கிறவன் பாரம் முன்னாடி இறங்காது. அதுல நின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல.

ருஹ்ர்_தமிழன் (டோர்ட்மண்ட்)

வணக்கம் உறவுகளே. நான் டோர்ட்மண்டில இருக்கிறன், சின்னனிலேயே அப்பா அம்மாவோட வந்தனான். எங்கட டோர்ட்மண்ட் மைதானத்துத் தெற்குப் பக்க மேடான சூட்ட்ரிபூனவில இண்டைக்கும் கிட்டத்தட்ட 25,000 பேர் நிண்டுதான் பாக்கிறம். பேரியர் இருக்கு, ஆனால் எத்தினை பேர் உள்ளுக்கு எண்டு ஒவ்வொரு புளொக்குக்கும் கணக்கு. நிக்கிற ரிக்கெற் மலிவு. பள்ளிக்கூடப் பொடியளும், ஓய்வெடுத்த சுரங்கத் தொழிலாளியும், கராஜில வேலை செய்யிற எங்கட ஆக்களும் பக்கத்தில பக்கத்தில நிக்கினம். ஆகவே நிக்கிற இடத்தை மலிவாயும் பாதுகாப்பாயும் வைச்சிருக்கலாம், செய்யிற மனம் வேணும். முந்தி ஐரோப்பிய ஆட்டங்களுக்கு சீற் போட்டாக வேணும் எண்டு யுஈஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) விதி, எண்பத்தோராயிரம் கொள்ளிற மைதானத்தை அறுபத்தைஞ்சு அறுபத்தாறாயிரமாய்க் குறைப்பினம், சத்தம் பாதியாய்ப் போகும். 2022இலதான் அதைப் பரீட்சார்த்தமாய்த் தளர்த்தினவை.

2016 ஏப்ரல் 14 ஆன்ஃபீல்டில எங்களை 4-3 எண்டு வெண்டீங்கள். நான் அங்க வந்தனான். தோத்தது இண்டைக்கும் வயிறெரியுது. ஆனால் ஆட்டத்துக்கு முதல் ரெண்டு பக்கமும் சேர்ந்து 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாட்டைப் பாடினம், எங்களுக்கும் அது எங்கட பாட்டுத்தான், பிறகு ஹில்ஸ்பரோவுக்காக மௌனம். ஒரு சத்தமில்லை. ரெண்டு கிளப்புக்கும் மனேஜராய் இருந்தவர் கிளொப் எண்டதால உணர்ச்சி இன்னும் கூடினது.

கோப்_காதலன்

அந்த மேட்ச்! லோவ்ரன் கடைசி நிமிஷ ஹெட்டர்! நான் ஹாஸ்டல் டிவி ரூம்ல கத்தின கத்துல வார்டன் வந்துட்டார்.

டாக்டர் சார், கோப்ல நின்னு பாத்த கடைசி நாள் பத்தி எழுதலையே? 1994 ஏப்ரல் 30, நார்விச்.

மெர்சி_டாக்டர்

போனேன். மனைவியும் வந்தாங்க, அவங்களுக்கு அதுதான் முதல் தடவை, அதுவே கடைசி. மூணு மணி ஆட்டத்துக்கு காலைலயே கூட்டம். பழைய ஆட்டக்காரங்களை ஒவ்வொருத்தரா மைதானத்துக்கு கூட்டிட்டு வந்தாங்க, லிடெல் வந்தார், டால்கிலிஷ் வந்தார். எங்க பழைய மேனேஜர்கள் ஷாங்க்லியோட மனைவி நெஸ்ஸியும் பெய்ஸ்லியோட மனைவி ஜெஸ்ஸியும், அவங்களுக்கு அப்புறம் மேனேஜரா இருந்த ஜோ ஃபேகன் கைய புடிச்சுக்கிட்டு கோப் பக்கம் நடந்து வந்தப்ப எழும்பின சத்தம், என் மனைவி என் கைய இறுக்கி புடிச்சுக்கிட்டாங்க. ஷாங்க்லி எங்களுக்கு யாருன்னு இந்த தலைமுறைக்கு சொல்லி புரிய வெக்க முடியாது. 73ல கோப்பைய தூக்கிட்டு கோப் முன்னாடி வந்தப்ப ஒரு ரசிகன் எறிஞ்ச ஸ்கார்ஃப போலீஸ்காரர் ஒதுக்கி தள்ளினார், ஷாங்க்லி அவர திட்டிட்டு குனிஞ்சு எடுத்து தன் கழுத்துல போட்டுக்கிட்டார். செத்தப்புறம் அவர் சாம்பல தூவினதும் கோப் பக்கத்து புல்லுலதான்.

ஆட்டம்? தோத்துட்டோம். 1-0. ஜெரமி காஸ். பழைய கோப் பாத்த கடைசி கோல் அவருது. நம்ம ஆள் கோப் முன்னாடி கடைசியா போட்டது அதுக்கு மூணு வாரம் முன்னாடி இப்ஸ்விச் மேட்ச்ல ஜூலியன் டிக்ஸ் அடிச்ச பெனால்டி. ஆனா அன்னைக்கு யாரும் ஸ்கோர பாக்கல. விசில் அடிச்சப்புறமும் போகாம பாடிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு பக்கத்துல ஒரு கிழவர் தன் பேரனுக்கு "இந்த கம்பிலதான் உங்கப்பன் நின்னான்"னு காட்டிக்கிட்டு இருந்தார். அடுத்த சீசன்ல 12,000 சீட்டோட புது ஸ்டாண்ட் வந்துருச்சு.

நல்லூரான்

எனக்கு ரிக்கெற் கிடைக்கேல்லை அண்டைக்கு. லண்டனில ரேடியோவில கேட்டனான்.

கிள்ளான்_நீலம்

டாக்டர், எதிரணியா இருந்தாலும் ஒண்ணு ஒத்துக்கணும். எதிரணி கோல்கீப்பர் உங்க பக்கம் வந்து நின்னா கோப் கை தட்டும், அது நல்ல பழக்கம். ஆனா தப்பு பண்ணினா விட மாட்டீங்க. 1967 டிசம்பர்ல லீட்ஸ் கீப்பர் கேரி ஸ்ப்ரேக் பந்த தூக்கி எறியப் போய் தன் கோலுக்குள்ளயே போட்டார், உடனே கை நழுவுறத பத்தி இருந்த ஒரு பழைய பாட்ட கோப் பாட ஆரம்பிச்சுட்டாங்க, பாவம் அந்த மனுஷன் வாழ்க்கை பூரா அது கூடவே வந்துச்சு.

எங்க குடிசன் கதையும் முடிஞ்சுது. 2025 மே மாசம் ஆண்கள் அணி கடைசி ஆட்டம் ஆடி பிராம்லி மூர் டாக் பக்கம் புது மைதானத்துக்கு போயிடுச்சு, இடிக்காம பெண்கள் அணிக்கு குடுத்தது பெரிய நிம்மதி.

கோப்_காதலன்

எல்லாருக்கும் நன்றி. அடுத்த வருஷம் காசு சேர்த்து ஆன்ஃபீல்ட் போகலாம்னு இருக்கேன். இப்ப கோப்ல நிக்க விடுறாங்களா? டிக்கெட் எப்படி வாங்குறது, வெளிய கிடைக்குமா?

மெர்சி_டாக்டர்

2021ல கோப்ல ரெயில் சீட் போட்டாங்க, 2022-23 சீசன்லேர்ந்து சட்டப்படியே நிக்கலாம். அதுக்கு முன்னாடியும் பெரிய மேட்ச்னா யாரும் உக்காரல, அது வேற. டிக்கெட்டுக்கு மெம்பர்ஷிப் எடுத்து பேலட்ல (குலுக்கல்ல) பேர் குடுக்கணும், கிடைக்கும்னு உத்தரவாதம் கிடையாது. பிளாக்ல வாங்காத, ஏமாத்துவாங்க. விலை பத்தி ஒண்ணு சொல்றேன், 2016ல புது மெயின் ஸ்டாண்ட்ல 77 பவுண்டு டிக்கெட் வெக்கப் போறோம்னாங்க. சண்டர்லேண்ட் மேட்ச், 2-0 முன்னாடி இருந்தோம், 77வது நிமிஷம் சொல்லி வெச்ச மாதிரி பத்தாயிரம் பேர் வரைக்கும் எந்திரிச்சு வெளிய போனாங்க, கோப் காலியாச்சு, ஆட்டம் 2-2ல முடிஞ்சுது. சில நாள்லயே ஓனருங்க மன்னிப்பு கேட்டு அந்த விலைய வாபஸ் வாங்கினாங்க. சீட் போட்டு உக்கார வெச்சாலும் அந்த மேட்டோட புத்தி போகலன்னு அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டிக்கெட் கிடைக்கலன்னா டூர் போ, மியூசியம் பாரு. வெளிய கோப் மூலைல இருக்கிற கொடிக்கம்பத்த தவறாம பாரு, இன்ஜினியர் புருனெல் கட்டின கிரேட் ஈஸ்டர்ன் கப்பலோட பாய்மரத்து மேல்துண்டு அது, கப்பல மெர்சி கரைல உடைச்சப்ப குதிரை பூட்டி இழுத்துட்டு வந்து நட்டாங்க. ஊருக்கு வந்தா மெசேஜ் பண்ணு, வீட்டுல சாப்பிட்டுட்டு சேர்ந்தே போகலாம்.

ருஹ்ர்_தமிழன்

தம்பி, பேலட்டில விழாட்டி டோர்ட்மண்டுக்கு வா. இங்கையும் லேசில்லை, ஆனால் எங்கட ஆக்கள் சிலருக்கு சீசன் ரிக்கெற் இருக்கு, யாராவது வேலையில மாட்டினால் அந்த ரிக்கெற்றை முறைப்படி மாத்தித் தருவினம். மார்ச் ஏப்ரல் எண்டால் நல்லம், குளிர் குறைவு. திகதியை ரெண்டு மாசத்துக்கு முதல் சொல்லு.